‘இங்கே’ என்பது எங்கே? வளைந்த முதுகெலும்பும் கணினி வழிகாட்டலும்

நீண்ட பதிவு. என் ஆய்வேட்டுக்கு நேர்த்தொடர்பு இல்லாதது. ஆயினும் சில மாதங்களாக என்னை விடாதது.

சென்ற ஆண்டின் இறுதியில், நான் தங்கிப் படிக்கும் வட இந்திய நகரில், ஒரு மருத்துவமனையின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கித் தர அழைத்தார்கள். பதினான்கு வயதுச் சிறுமிக்கு முதுகெலும்பு அறுவை. பெற்றோர் பல்லாண்டுகளுக்கு முன் பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்தவர்கள். இந்தி சரளமாகப் பேசுவார்கள், படிக்க வராது. படிவத்தின் நடுவே, அறுவை ‘கம்ப்யூட்டர் நேவிகேஷன்’ முறையில் நடைபெறும் என்றொரு தொடர் இருந்தது. ‘கணினி வழிநடத்தும் அறுவை’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். தாய் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தம்பி, அப்போ ஆபரேசன் பண்றது டாக்டரா, கம்ப்யூட்டரா?”

மொழியியல் படித்தவனுக்கு இது எழுவாயைப் பற்றிய வினா. கணினியை எழுவாயாக்கியவன் நானே. அப்பிழையைத் திருத்துவதற்காகத் தொடங்கிய வாசிப்பு என்னை நூறாண்டுக்கும் மேலாகப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. மருத்துவ மாணவர்கள் பொறுத்தருள்க. பிழை கண்டால் சுட்டிக்காட்டுக.

முதலில் எலும்பைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்புறம் உருளை போன்ற உடலும் பின்புறம் ஒரு வளையமும் உண்டு. இரண்டையும் பிணைக்கும் குறுகிய எலும்புப் பாலங்கள் இடமொன்றும் வலமொன்றுமாக இருக்கின்றன. இவற்றின் மருத்துவப் பெயர் பெடிக்கிள். லத்தீன் மூலத்தில் ‘சிறு பாதம்’ என்று பொருள். இலையைக் கிளையோடு பிணைப்பதற்குத் தமிழில் காம்பு என்ற நல்ல சொல் இருப்பதால் இப்பதிவு முழுவதும் காம்பு என்றே எழுதுகிறேன். காம்பின் உட்சுவரை ஒட்டித் தண்டுவடம் இறங்குகிறது. முதுகை நிமிர்த்தும் இக்கால அறுவையில் காம்பின் வழியே திருகைச் செலுத்தி, திருகுகளை உலோகத் தண்டோடு பிணைக்கிறார்கள். மார்புப் பகுதியில் பல காம்புகள் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலமே உள்ளவை.

முதுகு நேராக இருக்கும்போதே இது நுண்ணிய வேலை. ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவளைவில் எலும்புகள் ஒரு புறமாகச் சாய்வதோடு தம் அச்சைச் சுற்றித் திரும்பியும் விடுகின்றன. உட்குழிந்த பக்கத்துக் காம்புகள் மேலும் மெலிகின்றன. தண்டுவடமும் அப்பக்கமே ஒதுங்குகிறது. வளைவின் உச்சியில் காம்பின் சுவருக்கும் தண்டுவட உறைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் வெளிகூட இருப்பதில்லை. அறுவையரின் கண்ணுக்குத் தெரிவதோ எலும்பின் பின்புறம் மட்டுமே. காம்பு உள்ளே, பார்வைக்கு அப்பால் இருக்கிறது.

வளைந்த முதுகை நிமிர்த்தும் ஆசை மிகப் பழையது. ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கும் கிரேக்கத் தொகுப்பில், நோயாளியை ஏணியில் கட்டி உயரத்திலிருந்து கீழே போட்டுக் குலுக்கும் முறை சொல்லப்படுகிறது. அதை எழுதியவரே, கூட்டத்தை வியக்க வைக்கும் வித்தைக்காரர்களின் வேலையாக அது ஆகிவிட்டதென்று நாணுகிறார். 1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கொலா ஆந்திரி, ‘நேர்’, ‘குழந்தை’ என்னும் இரு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என்ற துறைப்பெயருக்கு மூலமான சொல்லை ஆக்கினார். கோணல் மரத்தைக் கம்பத்தோடு கயிறு சுற்றிக் கட்டியிருக்கும் அவர் நூலின் படம் இன்றும் அத்துறையின் சின்னம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டு வளைவதை நற்குணமாக்கிய நம் பழமொழிக்கு நேர் எதிரான படம் அது!

கத்தி வருவதற்கு இருபதாம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது. 1911இல் நியூயார்க்கின் ரஸ்ஸல் ஹிப்ஸ், எலும்புருக்கி நோயால் சிதைந்த முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டி வளரச் செய்யும் அறுவையை அறிவித்தார். சில ஆண்டுகளில் அது பக்கவளைவுக்கும் வந்தது. ஒட்டும் வரை குழந்தைகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தார்கள். 1948இல் ஜான் காப், எக்ஸ்-கதிர்ப் படத்தின் மேல் கோடுகள் இழுத்து வளைவைப் பாகையில் அளக்கும் முறையை வகுத்தார். அன்று முதல் முதுகின் கோணல் ஓர் எண்ணாயிற்று. எந்தப் படத்தை வைத்து, எத்தனை முறை அளப்பது என்ற கேள்வியும் அன்றே பிறந்ததாக எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஹூஸ்டன் நகரின் பால் ஹாரிங்டனைத் தனியே சொல்லவேண்டும். இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோய் அவ்வூரைத் தாக்கிய காலம். தசை செயலிழந்து முதுகு சரிந்த குழந்தைகள், மூச்சு ஏற்கெனவே தளர்ந்திருந்தமையால், மாவுக்கட்டைத் தாங்க இயலாதவர்கள். ஹாரிங்டன் எஃகுத் தண்டின் இரு முனைகளிலும் கொக்கிகளை மாட்டி, முதுகை உள்ளிருந்தே நெம்பி நீட்டினார். 1962இல் வெளியான அவர் கட்டுரைக்குப் பின் அம்முறை உலகெங்கும் பரவியது. முதுகு நீண்டது. கூடவே ஒரு புதிய அச்சமும் வந்தது: எலும்பு நீளும்போது தண்டுவடமும் இழுபட்டுக் கால்கள் செயலிழந்தால்?

அவ்வச்சத்துக்கு 1973இல் பிரான்சிலிருந்து வந்த விடை என்னை மிகவும் கவர்ந்தது. வொசெலும் ஸ்தன்யாராவும் அவர்தம் குழுவினரும், முதுகு திறந்திருக்கும்போதே நோயாளியை அரைகுறையாக விழிக்கச் செய்து, காலை அசைக்கச் சொன்னார்கள். அசைந்தால் மீண்டும் உறக்கம். அசையாவிட்டால் நெம்புதலைத் தளர்த்தவேண்டும். இதற்குக் குழந்தையை முன்கூட்டியே பழக்கவேண்டும். அதற்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும். தண்டுவடத்தின் நலத்தை அறியும் கருவியாக ஓர் ஏவல் வினை பயன்பட்ட அரிய தருணம் இது. பின்னாளில் நரம்பு மின்னலைகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் பொறிகள் அப்பொறுப்பின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டன.

திருகின் வரலாறு இதற்கு இணையாக ஓடுகிறது. பாரிஸின் ரேமோன் ருவா-கமீய் 1963 முதல் காம்பின் வழியே திருகு செலுத்தினார். பிடிப்பு கொக்கியைவிட உறுதி. 1980களில் பிரான்சின் கொத்ரெலும் துபூசேயும், கோணலை இரு பரிமாணத்தில் இழுப்பதை விட்டு, முப்பரிமாணத்தில் திருப்பிச் சீராக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆயினும் மார்புப் பகுதியின் மெல்லிய காம்புகளில், அதுவும் வளைந்த முதுகில், திருகு வைக்கப் பலரும் தயங்கினர். 1995இல் தென் கொரியாவின் சுக் சே-இல் குழுவினர் அங்கும் திருகு வைத்துக் கோணலை மேலும் நன்றாகத் திருத்தலாம் என்று காட்டியபின் தயக்கம் விவாதமாக மாறியது. நன்மை வெளிப்படை. ஆனால் பார்க்க முடியாத இடத்துக்கு, தண்டுவடத்தின் ஓரமாக, ஒரே அறுவையில் இருபது முறை செல்லவேண்டும்.

கணினி வழிகாட்டல் பிறந்தது முதுகில் அன்று, தலையில். 1908இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லியும் ராபர்ட் கிளார்க்கும், குரங்கின் மண்டையில் ஒரு சட்டகத்தைப் பொருத்தி, மூளையின் எந்தப் புள்ளிக்கும் மூன்று எண்களால் முகவரி தரும் கருவியை வெளியிட்டார்கள். மனிதருக்கு அதை 1947இல் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிஸும் கொண்டுவந்தார்கள். 1971இல் லண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. பொறி முதல் நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டுகளாகக் காட்டியதும், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தானாகவே ஓர் எண் முகவரி பெற்றது. 1986இல் அமெரிக்காவின் டேவிட் ராபர்ட்ஸ் குழு சட்டகத்தையே நீக்கி, அறுவை நுண்ணோக்கியின் இருப்பிடத்தை ஒலியலைகளால் அறிந்து, அதைச் சி.டி. படத்தோடு இணைத்தது. அடுத்த ஆண்டு ஜப்பானின் எய்ஜு வத்தனாபே, மூட்டுகள் கொண்ட ஒரு பொறிக்கரத்தால் அதே வேலையைச் செய்து அதற்கு ‘நியூரோநேவிகேட்டர்’ என்று பெயரிட்டார். கப்பலோட்டும் சொல் இப்படி அறுவைக் கூடத்துக்குள் நுழைந்தது. தமிழில் இதற்கு நிகர் தேடினால் ‘மீகாமன்’ கிடைக்கிறது. மீகாமன் கப்பலின் திசையைக் காப்பவன். அவனுக்கு விண்மீன்கள் நிலையானவை, கரையும் நகர்வதில்லை. இந்த ஒப்புமை முதுகெலும்பில்தான் முறிகிறது.

என் துறையின் ஒரு கருத்து இங்கே உதவும். தமிழில் அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள். ‘இ’ அண்மை, ‘அ’ சேய்மை. இரண்டுக்கும் இடைப்பட்ட ‘உ’ இன்று யாழ்ப்பாணத்துப் பேச்சில்தான் உயிரோடு இருக்கிறது. சுட்டுச்சொல்லுக்குத் தனியே பொருள் இல்லை. பேசுபவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் ‘இங்கே’ என்ற சொல் எந்த இடத்தையும் குறிக்காது. தொலைபேசியில் “இங்கே மழை” என்பவரிடம் “எங்கே?” என்று கேட்கிறோம் அல்லவா!

அறுவைக் கூடத்திலும் இரண்டு ‘இங்கே’ உண்டு. ஒன்று திரையிலுள்ள படத்தின் இங்கே. மற்றொன்று மேசையில் குப்புறக் கிடக்கும் உடலின் இங்கே. அறுவையர் தம் கருவியின் நுனியால் எலும்பைத் தொடும்போது, அது படத்தில் எந்தப் புள்ளி என்று கணினி சொல்லவேண்டும். அதற்காக முள்ளெலும்பின் பின்முனையில், ஒளியை உமிழும் அல்லது எதிரொளிக்கும் குமிழ்கள் கொண்ட ஒரு கவ்வியைப் பொருத்துகிறார்கள். அகச்சிவப்புக் கேமரா அக்குமிழ்களையும் கருவியிலுள்ள குமிழ்களையும் ஒருங்கே பார்க்கிறது. பின்னர் எலும்பின் மேலுள்ள சில அடையாளப் புள்ளிகளைத் தொட்டு, படத்தில் அவற்றுக்கு இணையானவற்றைக் காட்டி, இரண்டு இங்கேகளையும் ஒன்றாக்குகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ எனப்படும் இதை நான் ‘இடப்பொருத்தம்’ என்கிறேன். இத்தொழில்நுட்பத்தின் உயிர் இதில் இருக்கிறது. திரையில் சுழலும் வண்ணப் படத்தில் இல்லை.

1990களின் நடுவில் இந்த இடப்பொருத்தத்தை முதுகெலும்புக்குக் கொண்டுவரப் பல நகரங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் முயன்றார்கள். பிரான்சின் கிரெனோபிள் நகரில் கணினி அறிஞர்களோடு அறுவையர் பிலிப் மெர்லோஸ், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் லுட்ஸ் நோல்டெ, மான்ட்ரியலில் அமியோ, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கெவின் ஃபோலி. அவர்கள் அனைவரும் மோதிய சுவர் ஒன்றே. மண்டை ஓடு ஒரே எலும்புப் பெட்டி. நேற்று எடுத்த படம் இன்றும் பொருந்தும். முதுகெலும்பு அப்படியன்று. சி.டி. எடுக்கும்போது நோயாளி மல்லாந்து படுக்கிறார். அறுவையின்போது குப்புறக் கிடக்கிறார். ஒவ்வொரு எலும்பும் அடுத்ததைப் பார்த்துச் சற்றே நகர்ந்துவிடுகிறது. நேற்றைய படத்தில் இருக்கும் முதுகு இன்றைய மேசையில் இல்லை.

ஆகவே ஒவ்வோர் எலும்பையும் தனித்தனியே பொருத்தவேண்டியதாயிற்று. இரண்டு மூன்று எலும்புகளில் மட்டும் வேலை என்றால் இது தாங்கும். பத்துப் பன்னிரண்டு எலும்புகள் நீளும் பக்கவளைவில் இது பொறுமையின் எல்லையைச் சோதிப்பது. கருவி யாருக்கு மிகத் தேவையோ அவருக்கே மிகக் கடினமாயிற்று. இதில் கொடிய இடர் ஒன்றும் உண்டு. கவ்வியில் யாருடைய முழங்கையோ மெல்லப் பட்டு அது அசைந்துவிட்டால், கணினி அதை அறியாது. திரையில் படம் முன்போலவே தெளிவாக, உறுதியாக, தவறாக நிற்கும். அதனால்தான் அறுவையர் இடையிடையே தமக்கு நன்கு தெரிந்த ஓரிடத்தைத் தொட்டு, திரையும் அதையே காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்கிறார். பேசுபவர் நின்ற இடத்தில்தான் இன்னும் நிற்கிறாரா என்று கேட்பது போல.

2000இல் பின்லாந்தின் லைனே குழு வெளியிட்ட குலுக்கல் முறைச் சோதனையில், வழக்கமான முறையில் 13.4 விழுக்காடு திருகுகள் காம்பின் சுவரைத் துளைத்திருந்தன. கணினி வழிகாட்டலில் 4.6 விழுக்காடு. ஆனால் அது கோணல் முதுகுகளுக்கென்று அமைந்த சோதனையன்று.

முடிச்சு அவிழ்ந்தது படமெடுக்கும் நேரத்தை மாற்றியதால். முன்னாளில் எடுத்த சி.டி.யை மேசைக் கிடக்கைக்குப் பொருத்த முயல்வதற்குப் பதிலாக, குப்புறக் கிடத்தி, முதுகைத் திறந்து, கவ்வியைப் பொருத்திய பிறகே படமெடுத்தால் என்ன? சீமென்ஸ் நிறுவனத்தின் ஐசோ-சி முப்பரிமாணக் கருவி நோயாளியைச் சுற்றி அரைவட்டத்துக்குச் சற்று மேலாகத் தானே நகர்ந்து, நூறளவு படங்களை எடுத்து, அவற்றிலிருந்து குறுக்குவெட்டுகளை ஆக்கியது. கேமரா கருவியையும் கவ்வியையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருப்பதால் இடப்பொருத்தம் தானே நிகழ்ந்துவிடுகிறது. புள்ளி புள்ளியாகத் தொடவேண்டியதில்லை.

இதைக் கோணல் முதுகில் முறையாகச் சோதித்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று கோயம்புத்தூரில் நடந்தது என்று அறிந்தபோது, வட இந்திய நூலகத்தில் தனியே அமர்ந்திருந்த எனக்குச் சிறு பெருமிதம் வந்ததை மறைக்கமாட்டேன். கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2007இல் ‘ஸ்பைன்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. 33 நோயாளிகள், 27 பேருக்குப் பக்கவளைவு, 6 பேருக்குக் கூன். மார்புப் பகுதியில் வைத்த திருகுகள் 478. வழிகாட்டல் இல்லாத குழுவில் 236 திருகுகளுள் 54 காம்பை மீறியிருந்தன. வழிகாட்டல் குழுவில் 242இல் 5. அதாவது 23 விழுக்காடும் 2 விழுக்காடும். ஒரு திருகு செலுத்தச் சராசரியாக முன்னதில் 4.61 நிமிடம், பின்னதில் 2.37 நிமிடம்.

பெருமிதத்தோடு நிறுத்தியிருந்தால் பதிவு சுருங்கியிருக்கும். எதிர்வாதமும் வலுவானது. 2004இல் அமெரிக்காவின் கிம், லென்கி குழுவினர், கணினியோ அறுவைக்கிடைப் படமோ இன்றிக் கைத்தேர்ச்சியால் மட்டும் 394 நோயாளிகளுக்கு மார்புப் பகுதியில் வைத்த 3204 திருகுகளை மதிப்பிட்டார்கள். சி.டி.யில் ஆராய்ந்த 577 திருகுகளுள் 6.2 விழுக்காடு குறிப்பிடத்தக்க அளவு எலும்பை மீறியிருந்தன. ஆனால் திருகால் நரம்புக்கோ இரத்தக்குழாய்க்கோ உறுப்புக்கோ கேடுற்றவர் ஒருவரும் இல்லை. ஆக, ‘மீறல்’ என்பது படத்தில் காணும் ஒரு நிகழ்வு, தீங்கு வேறொன்று. கோவை ஆய்வு எண்ணியது திருகுகளை. 33 பேரைக் கொண்டு, அரிதாக நேரும் நரம்புச் சேதத்தில் வேறுபாடு உண்டா என்று எந்தச் சோதனையாலும் சொல்லமுடியாது. அதே நேரத்தில் பல்லாயிரம் திருகு வைத்த கையை எல்லா ஊருக்கும் அனுப்பவும் முடியாது. கற்றுக்கொண்டிருக்கும் கைக்குக் கிட்டும் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் கோவையின் எண்களே எனக்குக் கனமானவை.

இனி, முன்பே சொல்லிவைத்த கேள்வி. அமெரிக்காவின் 14 மருத்துவ மையங்களில் 1912க்கும் 1965க்கும் இடையே பக்கவளைவு கண்டறியப்பட்ட 5573 பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்த முடிவு 2000இல் வெளியாயிற்று. அவர்களுக்குச் சராசரியாக 25 எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுக்கப்பட்டிருந்தன. மார்பகப் புற்றால் எதிர்பார்க்கப்பட்ட இறப்புகள் 45.6, நேர்ந்தவை 77. காப் கோணத்தை அளக்க அளக்க, வளரும் சிறுமிகளின் மார்பில் கதிர் பாய்ந்துகொண்டிருந்தது. இன்று கதிரளவு பன்மடங்கு குறைந்துவிட்டது. முதுகுப்புறமிருந்து படமெடுத்து மார்பைக் காக்கிறார்கள். ஆயினும் பெரிய வளைவுகள் இன்றும் பெரும்பாலும் வளரிளம் பெண்களிடமே காணப்படுகின்றன. அறுவைக்கிடைச் சி.டி. ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் ஒரு வரவு.

வழிகாட்டலை ஆதரிப்போர், அது அறுவைக் கூடத்தாரின் கதிர்ச்சுமையைக் குறைக்கிறது என்பார்கள். உண்மைதான். திருகுதோறும் எக்ஸ்-கதிரின் கீழ் கை வைக்கத் தேவையில்லை. படமெடுக்கும் அந்த ஒரு நிமிடம் அனைவரும் ஈயத்தடுப்புக்குப் பின்னே அல்லது கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். கூடத்தில் எஞ்சியிருப்பது உறங்கும் குழந்தை மட்டும். இடப்பொருத்தத்தின் கடினத்தை நீக்கிய அதே மாற்றம், அதன் விலையின் ஒரு பங்கை அறுவையர் கையிலிருந்து குழந்தையின் உடலுக்கு நகர்த்தியது. திருகு தவறி மீண்டும் அறுவை செய்ய நேர்வதைவிட இவ்விலை சிறிது என்று வாதிடலாம். நானும் அப்படியே எண்ணுகிறேன். விலை உண்டு என்பதைப் படிவத்தில் எழுதவேண்டும் என்பது மட்டும் என் வழக்கு.

இரண்டாம் முறை மருத்துவமனைக்குச் சென்றபோது தொடரை மாற்றியிருந்தேன்: ‘அறுவையின்போது எடுக்கும் கணினிப் படத்தைப் பார்த்து, மருத்துவர் தம் கையால் திருகு வைப்பார்.’ நீளம்தான், ஆனால் எழுவாய் மருத்துவர். அதன் கீழே, ‘அப்படம் எக்ஸ்-கதிரால் எடுக்கப்படுவது’ என்று ஒரு வரி சேர்த்தேன். அறுவையர் இளைஞர். வரியை என்னிடம் பொருள் கேட்டு அறிந்து, தலையசைத்தார்.

தாய் இரண்டு வரிகளையும் கேட்டுவிட்டு, “அந்தப் படம் எடுக்கும்போது டாக்டர் எங்க நிப்பாரு?” என்றார்.

மொழிபெயர்த்தேன். “வெளியே” என்றார் அவர்.

“எத்தன தடவ எடுப்பாங்க?”

வளைவு நீளமானதால் ஒரே படத்தில் அடங்காது; இரண்டு, தேவைப்பட்டால் கடைசியில் சரிபார்க்க மூன்றாவது என்று விளக்கினார். தாய் தன் மகளைப் பார்த்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, அந்த எண்ணையும் அதில் எழுதச் சொன்னார். அறுவையர் தடுக்கவில்லை. அச்சிட்ட வரியின் ஓரத்தில், ‘இரண்டு அல்லது மூன்று முறை’ என்று கையால் எழுதினேன். அதற்குக் கீழே அவர் கைநாட்டு வைத்தார்.